இரண்டு துளை இறக்கிய காலிபர்

டேய் முரளி, இதைப் படிக்கும்போது நீ ரயிலில் உட்கார்ந்திருப்பாய். எலுமிச்சை சாத டப்பாவுக்கு அடியில் நான் வைத்த நோட்டுத்தாள் கட்டு உன் கையில் இருக்கும். பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நைனாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம். திருவள்ளூரில் ஏறி, பேசின்பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து உன் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் உனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் படித்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ உடனே "பரவால்லம்மா, உடு" என்பாய். எட்டு வயதிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே நீ என் வாயை அடைத்துவிட்டாய். இந்தத் தடவை நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை நீ அதைச் சொல்லக் கூடாது. அதற்குக் காகிதம்தான் வழி.

விஷயத்தை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். தீபா வீட்டில் உன் காலைப் பற்றி நான் பொய் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வருஷத்தில் டாக்டர் உன் காலில் மாட்டியிருக்கும் காலிபரைக் கழற்றிவிடுவார், அப்புறம் உனக்கு அது தேவைப்படாது என்று சொன்னேன். அவர்கள் அதை நம்பித்தான் நிச்சயம் செய்தார்கள். "எல்லாத்தையும் சொல்லிடும்மா, மறைச்சி மட்டும் வேணாம்" என்று நீ என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாய். "சொல்லிட்டேன்டா" என்று உன்னிடமும் சொன்னேன். அது இரண்டாவது பொய். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் மெஷின் பலகை மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு சிநேகிதர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாய். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேனே தவிர, தடுக்க வாய் வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். அதற்கு நான் இருபது வருஷம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இதே தப்பை நான் ஏற்கெனவே ஒரு தடவை உன் காலிலேயே செய்திருக்கிறேன். அதுவும் உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் உன் இடது கால் சோர்ந்துபோனது உனக்கு ஞாபகம் இருக்காது. மூன்று வயதில் முதல் காலிபர் போட்டது வேண்டுமானால் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். காலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை, கெண்டைக்காலில் ஒன்று, கீழே பூட்ஸ். முட்டிக்கு நேரே ஒரு மூட்டு, அதற்கு ஒரு வளையம். நின்றால் வளையம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும், உட்கார வேண்டுமென்றால் தூக்கிவிட வேண்டும். நீ உட்காரும்போதெல்லாம் கேட்கும் அந்த 'டக்' சத்தத்தை வைத்தே நீ வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாய் என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சனிக்கிழமை நீ வந்ததும் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கிறது.

பெரியவர்களுக்குக் காலிபர் ஒரு தடவை செய்தால் வருஷக்கணக்கில் வரும். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. கால் வளர்கிறது, கம்பி வளர்வதில்லை. அதனால் கம்பியை இரண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி செய்து, வரிசையாகத் துளை போட்டுத் திருகாணி வைத்திருப்பார்கள். நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், காலிபர் செய்கிற பட்டறையில் உட்கார்ந்தால் அங்கே வேலை பார்க்கிற தேவராஜ் அண்ணன் உன்னை நிற்க வைத்து அளவெடுப்பார். உன் முட்டியை விரலால் தடவிப் பார்த்து, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். மூட்டு அந்தப் புள்ளிக்கு நேரே வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். மேல் பட்டைக்கும் உன் தொடைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் திருகாணியைக் கழற்றி, தேவைப்பட்டால் தொடைக்கம்பியில் ஒரு துளை, கீழ்க்கம்பியில் ஒரு துளை இறக்குவார். சில சமயம் இவ்வளவு தூரம் போய் வரிசையில் காத்திருந்து, "இன்னிக்கி ஒண்ணும் மாத்த வேணாம், சரியா கீது" என்று அனுப்பிவிடுவார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் முழுக்கப் போய்விட்டதே என்று ரயிலில் வரும்போதெல்லாம் உன் நைனாவிடம் புலம்புவேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். மணவாள நகரில் பாதிப் பிள்ளைகள் என் கையால் தைத்த யூனிஃபார்மில்தான் பள்ளிக்கூடம் போயின. எந்தத் தாய் துணியோடு வந்து நின்றாலும் ஒரே பாட்டுத்தான்: "வளர்ற புள்ளக்கா, கொஞ்சம் பெருசாவே வெச்சித் தெச்சிடு." நானும் கால்சட்டையில் இரண்டு இன்ச் உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பேன். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். பூட்ஸ் வாங்கினால் முன்னால் பழைய துணி அடைப்போம். சைக்கிள் வாங்கினால் பிள்ளைக்குக் கால் எட்டாத சைக்கிளாகத்தான் வாங்குவோம். நம் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் தன் அளவுக்கு ஒரு சாமானைப் போட்டதில்லை. வருகிற வருஷத்து உடம்புக்குத்தான் எல்லாமே. அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நீ மூன்றாம் வகுப்பு போகப் போகிற வருஷம், மே மாதக் கடைசி. மெஷினைச் சுற்றி யூனிஃபார்ம் துணி மலை மாதிரி கிடக்கிறது. இன்னும் நான்கு மாதத்துக்கு என்னால் ஒரு நாள்கூட நகர முடியாது. உன் நைனாவுக்கு ஸ்டீல் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போட்டு, லீவு கேட்டாலே மேஸ்திரி முறைக்கிறான். அந்தத் தடவை பட்டறைக்குப் போனபோது தேவராஜ் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, இன்னும் ரெண்டு தொளை சேத்து எறக்கி வெச்சிடேன். எப்படியும் வளரத்தான் போறான். அடுத்த தபா தீபாவளி கழிச்சி வர்றேன்." அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "அதெல்லாம் கெடையாதும்மா. இன்னிக்கி இருக்குற காலுக்குத்தான் வெப்பேன். பேஜாரா இருந்தாலும் நாலு மாசத்துல கூட்டிக்கினு வா." எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் எத்தனை பிள்ளைகளுக்கு அளவெடுத்திருக்கிறேன், இந்த மனுஷன் எனக்கு அளவு சொல்லித் தருகிறாரே என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ எதிர்வீட்டுப் பாப்பம்மாக்கா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். காலிபர் கழற்றிக் கட்டில் மேல் கிடந்தது. உன் நைனா கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்க்கிற ஆள், திருகாணி கழற்றுவது அவருக்கு ஒரு வேலையே இல்லை. நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். "இன்னாமே, அந்தாளு வேணாம்னு சொன்னாரே" என்றார். "அவருக்கு இன்னா, நாமதான அலையறோம்" என்றேன். ஸ்பேனரை எடுத்தார். கீழ்க்கம்பியில் மட்டும் இரண்டு துளை இறக்கினார். தொடைக்கம்பியைத் தொடவில்லை, ஏனென்றால் மேலும் கீழும் சேர்ந்து வளர்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. திருகாணிகளை முடுக்கி, எண்ணெய் போட்டு, துணியால் துடைத்துப் பழையபடி கட்டில் மேல் வைத்தோம். டீ போட்டுக் குடித்தோம். அவ்வளவுதான் நடந்தது.

கீழ்க்கம்பி நீளமானால் பூட்ஸ் தரையில் ஊன்ற, மற்றதெல்லாம் மேலே ஏறும். மூட்டு உன் முட்டிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. தொடைப் பட்டை இடுக்கில் ஏறி அறுத்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நீ வந்து "அம்மா, இது ஒரு மாரி கீதும்மா, குத்துது" என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். நான் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னேன்: "கொஞ்ச நாள் அப்படித்தான்டா இருக்கும். நீ வளந்துட்டா சரியாப் பூடும்." அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை. குத்துவது நின்றுவிட்டது போல என்று நானும் மறந்துவிட்டேன்.

நீ மறக்கவில்லை. நீ வளர ஆரம்பித்தாய். அப்படித்தான் சொல்ல வேண்டும், ஒரு வேலையை எடுத்துச் செய்கிற மாதிரி வளர ஆரம்பித்தாய். முட்டை வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிற பிள்ளை, தினம் ஒரு முட்டை கேட்டாய். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய். சாயங்காலமானால் என் கழுத்தில் கிடக்கிற டேப்பை இழுத்து, "அம்மா, கால அளந்து பாரும்மா" என்பாய். நான் விளையாட்டு என்று நினைத்தேன். அளந்துவிட்டு, உன் முகம் மலரட்டும் என்று அரை இன்ச் சேர்த்துச் சொல்வேன். "டேய், இன்னாடா இது, ஒரே வாரத்துல அரை இன்ச்சு!" நீ காலிபரைப் பார்ப்பாய். நான் சொன்னபடி வளர்ந்துகொண்டே இருக்கிறோம், ஆனாலும் வலிக்கிறதே என்று அந்தச் சின்ன மூளை எப்படியெல்லாம் குழம்பியிருக்கும்.

அந்த நாட்களில் உன் ஜட்டியை நீயே துவைக்க ஆரம்பித்தாய். எட்டு வயதுப் பையன் குளிக்கும்போதே தன் துணியைத் தானே கசக்கிப் போடுகிறான் என்று பாப்பம்மாக்காவிடம் போய்ப் பெருமை அடித்தேன். அவளும் தன் பையனைக் கூப்பிட்டு "பாத்துக் கத்துக்கடா" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். காலாண்டுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, உன் கால்சட்டையில் பின்தையல் விட்டிருக்கிறது என்று உள்பக்கம் திருப்பி மெஷினில் வைத்தேன். இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்கில் துணி விறைத்துப்போய்க் காய்ந்து கிடந்தது. இரத்தமும் சீழும் ஊறிக் காய்ந்த துணி. எத்தனை வருஷம் துணி பிடித்த கை, தொட்டதும் தெரிந்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னேன். நீ மாட்டேன் என்று கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். நான் அடித்தேன். அடித்துத்தான் பார்த்தேன். பார்த்த பிறகு என் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

திங்கட்கிழமை பட்டறையில் தேவராஜ் அண்ணன் முதலில் புண்ணைப் பார்த்தார், அப்புறம் காலிபரைப் பார்த்தார். திருகாணி எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உன்னிடம்தான் கேட்டார்: "இவ்ளோ நாளா ஏன்டா சொல்லல?" நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "நான் இன்னும் வளரல சார். வளந்துட்டா சரியாயிடும்." அதைக் கேட்டதும் அந்த மனுஷன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உன்னைக் கட்டுப்போட நைனாவோடு அனுப்பிவிட்டு, என்னிடம் திரும்பினார். "சட்டைய பெருசா தெச்சா புள்ள மடிச்சி உட்டுக்குவான்மா. இத மடிச்சி உட முடியாது. காலிபருதான் புள்ளைக்கி ஏத்தாப்புல மாறணும். நீ புள்ளைய மாறச் சொல்லியிருக்க." அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை.

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு உன் நைனா உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, பெஞ்சு வரை தூக்கிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தில், சொந்தத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள், காலுக்கு என்ன ஆயிற்று என்று. "பட்டறைல அளவு தப்பா வெச்சிட்டாங்க" என்று சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ நம்பினாய். அந்த அண்ணன் மேல் உனக்கு வந்த வெறுப்பு இன்றைக்கு வரை போகவில்லை. அவர் அளவெடுக்க வந்தால் நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாய். ஊருக்கெல்லாம் அவர் பெயரைக் கெடுத்தேன் என்று அவருக்குத் தெரியும், உன்னிடம் ஒரு நாளும் அவர் உடைத்துச் சொல்லவில்லை. போன மாதம்கூட, புதுக் காலிபருக்கு எங்கே கொடுக்கலாம் என்று பேசியபோது, "எங்க வேணா போலாம், அந்தாளு கிட்ட மட்டும் வேணாம்" என்றாய். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். முரளி, அவர் தப்பே செய்யவில்லை. இரண்டு துளை இறக்கியது நாங்கள். இறக்கச் சொன்னது நான்.

அந்தப் புண்ணுக்குப் பிறகு நாலு மாதக் கெடுவை ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை. ஜூன் மாதமோ பொங்கலோ, மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். உன் மீசை முளைத்து, வளர்த்தி நின்று, "இனிமே கம்பியில தொளை வேணாம், நேர் கம்பியே போட்டுடலாம்" என்று தேவராஜ் அண்ணன் சொல்கிற வரைக்கும் ஓடினேன். திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காலிபர் விஷயத்தில் திருந்தினேன், வாய் விஷயத்தில் திருந்தவில்லை போலிருக்கிறது.

திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்தார்களே முதல் சம்பந்தம், ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளறையிலிருந்து நடந்து வந்து கை கூப்பியதைப் பார்த்தார்கள். காபியைக் குடித்தார்கள், காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. நீ "பரவால்லம்மா" என்றாய். அன்றைக்கு நீ சாப்பிட்ட தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன். அதனால் கவரைப்பேட்டையில் தீபாவின் அப்பா, "தம்பி இத எப்பவுமே போட்டுக்கினு இருக்கணுமாங்க?" என்று தன்மையாகக் கேட்டபோதும், என் வாய் என்னைக் கேட்காமல் "இல்லீங்க, ஒரு வருஷந்தான், டாக்டரே சொல்லிட்டாரு" என்றது. நீ அப்போது வெளியே அவள் தம்பியோடு வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே கதவோரம் நின்ற தீபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது முரளி, உன்னைவிட எனக்குத்தான் அதிக ஆசை. பாப்பம்மாக்காவிடம் மட்டும் சொன்னேன். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க, நீ ஒண்ணே ஒண்ணுதான சொன்ன" என்று தேற்றினாள். தேற ஆசைப்பட்டவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு பொய்யோடு நிற்குமா? அன்றைக்கே, பெண் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் உன்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். கிளம்பும்போது அவளைப் பூ எடுத்து வரச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு உன்னைக் காருக்கு அனுப்பினேன். நிச்சயத்தன்று எல்லாருக்கும் முன்னால் போய் உன்னை மேடையில் உட்கார்த்தினேன். "ஏம்மா இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்டாய். "டிராஃபிக் ஆயிடும்டா" என்றேன். கவரைப்பேட்டையில் டிராஃபிக்காம்! நீயும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய். அவளை எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது இரண்டு மாதம் ஓடியது. நேற்று மத்தியானம் நீ வருவதற்கு முன்னால் தீபா எனக்குப் போன் செய்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கணும். அவரு கல்யாணத்துக்கு முன்னாடி புது காலிபர் ஆர்டர் குடுத்துருக்கேன்னு சொன்னாரு. லேசா இருக்கும், பத்து வருஷம் வரும்னு சந்தோஷமா சொன்னாரு. அடுத்த வருஷம் கழட்டப்போறவரு எதுக்கு அத்தை புதுசு வாங்குறாரு?" எனக்கு இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதை எப்படி முழுங்கினேனோ தெரியாது. "கழட்ட மாட்டாங்கம்மா. எப்பவும் போட்டுக்கினுதான் இருப்பான். நான் பொய் சொன்னேன், அவனுக்குத் தெரியாது" என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: "அவரு நடந்து நான் பாத்ததே இல்ல அத்தை. ரெண்டு தடவையும் உக்காந்துக்கினு இருந்தாரு. நீங்கதான உக்கார வெச்சீங்க?" ஆமாம் என்றேன். "புதன்கிழமை அஞ்சு மணிக்கு நான் ஸ்கூல் உட்டு எங்க ஊரு ஸ்டேஷனுக்கு வர்றேன். அவரை வரச் சொல்லுங்க. பெரியவங்க யாரும் வேணாம். அதுவரைக்கும் நான் போன் பண்ண மாட்டேன். இன்னா நடந்துதுன்னு நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க அத்தை. நான் சொன்னா உங்களப் பத்தி கோள் சொன்ன மாரி ஆயிடும்." கோபத்திலும் என் மானத்தை அவள் நினைத்தாள். எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

இன்றைக்குக் காலையில் வெளியே கிளம்பும் வரை நீ போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எக்ஸாம் பேப்பர் திருத்துறா போல, பிஸியா இருப்பாம்மா" என்று நீயே எனக்கு விளக்கம் சொன்னாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். உன் நைனாவிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "அன்னிக்கி ஸ்பேனர் புடிச்சது நானு. எனக்கும் பங்கு கீது. ஆனா இத நீதான் அவங்கிட்ட சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார். இந்த நோட்டை எடுத்து வந்து மெஷின் மேல் வைத்ததும் அவர்தான்.

உனக்கு நாளைக்கு ஒரு குடும்பம் வரும், இதுவோ வேறோ. அப்போது ஒன்றை மட்டும் என்னைப் பார்த்துச் செய்யாதே. உன்னோடு இருக்கிறவர்களை அவர்கள் இன்றைக்கு இருக்கிறபடி பார். ஒரு வருஷம் கழித்து எப்படி ஆவார்கள் என்று மனதில் ஒரு அளவு வைத்துக்கொண்டு, அதற்குள் அவர்களைப் போட்டு நுழைக்காதே. அன்பில்தான் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த அன்பு உனக்கு உதவவில்லை, எட்டு வயதிலும் உதவவில்லை, இப்போதும் உதவவில்லை. எனக்குத்தான் ஆறுதலாக இருந்தது. உனக்கு இருக்கிற கால் போதாது என்று நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை உன்னிடமே, ஒரு தடவை ஊராரிடம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். தாய் மகனிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று நீ ஏதாவது ஆரம்பிக்காதே. நான் கேட்பேன்.

புதன்கிழமை அவள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பத்திரிகையெல்லாம் கொடுத்த பிறகு ஊர் பேசும், பேசட்டும், அதை நான் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன், என் வாயால் வந்ததுதானே. உனக்கு வலிக்கும். அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து "பரவால்லம்மா" என்று மட்டும் சொல்லாதே. கத்து. தட்டை வீசு. "இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க" என்று தெருவே கேட்கும்படி கேள். எட்டு வயதில் நீ கத்தாததற்கும் சேர்த்துக் கத்து. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

இதற்கு மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், மையை நன்றாக இழுத்தும் உனக்குத் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 'நாலரைக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள், அவள் வரும்போது நீ உட்கார்ந்திருப்பது நல்லது' என்று எழுதியிருந்தேன். இவ்வளவும் எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. படித்துப் பார்த்துவிட்டு அடித்தேன். நீ முன்னால் போகாதே கண்ணு. அவள் வந்து பிளாட்பாரத்தின் முன்கோடியில் நிற்கட்டும். நீ பிறகு வருகிற வண்டியில் கடைசிப் பெட்டியில் வந்து இறங்கு. கவரைப்பேட்டை பிளாட்பாரம் நல்ல நீளம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு நீளமும் நடந்து போ.